சூம் கேமராவில் கோள்: பெரிதாக்கப் போய்ப் பந்தாக்காதீர்கள்

நிக்கான் பி900 மாதிரி 83 மடங்கு சூம் கேமராவை 2000 மி.மீ. வரை முழுதாக இழுத்தாலும் வியாழன் சென்சாரில் 60 பிக்சல் அகலம்தான் விழும். சனி வளையத்தோடு சேர்த்தே அதைவிடக் கொஞ்சம் குறைவு. திரையை அடைத்துக்கொண்டு தகதகவென்று அலையும் வெள்ளைப் பந்து கிடைத்தால் அது கோள் அல்ல, போகஸ் தவறிய வெளிச்சம். இதை "வியாழன்" என்று பகிர்பவர்கள் ஏராளம். டிஜிட்டல் சூமும் அதே ஆசையில் பிறந்ததுதான், அணைத்துவிடுங்கள்.

கறுப்பு வானத்தில் ஆட்டோபோகஸுக்குப் பிடிமானம் கிடையாது. மேனுவலுக்கு மாறி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800, ஷட்டர் 1/8 வினாடி வைத்தால் வியாழனின் நிலவுகள் தெரியும். அவை ஊசிமுனையாகச் சுருங்கும் இடமே போகஸ். இன்பினிட்டி குறியை நம்ப வேண்டாம், லென்ஸ் அதையும் தாண்டி நகரும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கேமராவில் ஈரம் படியும், லென்ஸ் சூடாகச் சூடாக போகஸும் நழுவும். அரை மணி நேரம் மாடியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு. ஆட்டோவில் கேமரா இருண்ட வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வியாழனின் பட்டைகள் வெளுத்துப்போகும். லென்ஸ் திறப்பு எஃப் 6.5-இல் வியாழனுக்கு ஐஎஸ்ஓ 200, 1/80 வினாடி. சனிக்கு ஐஎஸ்ஓ 400, 1/50. வெள்ளிக்கு ஐஎஸ்ஓ 100, 1/1000 அல்லது அதைவிட வேகம். நிலவுகளும் பட்டைகளும் ஒரே படத்தில் ஒழுங்காக வராது, தனித்தனியே எடுக்கத்தான் வேண்டும். பூமி சுழல்வதால் கோள் வினாடிக்கு 15 ஆர்க்-வினாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் ஆர்க்-வினாடி) நகர்கிறது. ஒரு வினாடி திறந்து வைத்தால் 20 பிக்சல் இழுபடும்.

இருட்டைத் தேடி ஜவ்வாது மலைக்குப் போவது வீண் அலைச்சல். அங்கே காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கு இருட்டும் ஒரு காரணம். கோள்களுக்கோ தெருவிளக்கு ஒரு பொருட்டல்ல, வேலூர் சத்துவாச்சாரியின் மொட்டை மாடியே போதும். வேண்டியது அசையாத காற்று. வேலூர் வெயிலில் நாளெல்லாம் காய்ந்த பாறையும் கான்கிரீட்டும் பொழுது சாய்ந்ததும் அனலைக் கக்கும். ஊருக்குக் கிழக்கேயுள்ள கோட்டை மலைகளுக்கு மேல் அப்போதுதான் எழும் கோள் கொதிக்கும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். 45 பாகைக்கு மேல் ஏறும்வரை காத்திருங்கள். கோடையில் விடியற்காலையே நல்லது. பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலே குறி வைக்காதீர்கள்.

நம் ஊரில் கோள்கள் ஏறக்குறைய உச்சிக்கே வரும். மலிவான டிரைபாடின் தலை அவ்வளவு நிமிராது, கைப்பிடி காலில் இடிக்கும். கேமராவைத் திருப்பி மாட்டினால் கைப்பிடி முன்பக்கம் போய்விடும். டிரைபாடில் வைத்ததும் அதிர்வுக் குறைப்பை அணைத்து, டைமரில் எடுங்கள்.

ஒற்றைப் படத்தோடு நிறுத்துவதுதான் கடைசித் தவறு. ஒரு நிமிட வீடியோ எடுத்து, பிப் (PIPP) மென்பொருளில் கோளை நடுவே நிறுத்தி, பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் (AutoStakkert) மென்பொருளில் தெளிவான 20 முதல் 30 சதவீத பிரேம்களை மட்டும் அடுக்குங்கள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், ஆகவே வீடியோ நீண்டால் பட்டைகளின் நுணுக்கம் கலங்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள்.