சின்ன டீமா கேம் செய்யிறியளா? சனிக்கிழமை பில்டில இருந்து தொடங்குங்கோ

மூண்டு நாலு பேராச் சேந்து கேம் செய்யேக்க வேலை நடக்குதோ இல்லையோ எண்டு கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்சு ஒரே வழிதான் இருக்கு, ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியாள் ஒருத்தரின்ட கையில குடுத்து விளையாட வைக்கக்கூடிய பில்ட் (அதுவரை செய்த கேமை ஓடக்கூடிய மாதிரி எடுத்த பிரதி) ஒண்டு இருக்கோணும். படம் கீறியாச்சு, மியூசிக் ரெடி, கதை எழுதியாச்சு எண்டு கதைக்கிறதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

முதல்ல அளவைக் குறையுங்கோ. நாங்கள் செய்யிறது குறிகாட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓட்டுற கேம், குதிரை, முருகைக்கல் வேலி எண்டு தீவு முழுக்கச் செய்ய ஆசை கிடக்கு, ஆனா இப்ப கையில இருக்கிறது ஒரு துறை, ஒரு படகு, ஒரு பயணம் மட்டும்தான். அந்த ஒரு பயணம் சும்மா விளையாடவே நல்லா இருந்தாத்தான் அடுத்த இடம்.

எஞ்சினுக்கு, அதாவது கேமைக் கட்டுற சொஃப்ட்வேருக்கு, நாங்கள் கோடோ 4 பாவிக்கிறம். இலவசம், எம்ஐடி லைசென்ஸ், வித்தாலும் அவைக்குப் பங்கு குடுக்கத் தேவையில்லை. வேலையை எல்லாம் கிட் (Git) எண்ட, ஆர் எதை மாத்தினது எண்டு பதிஞ்சு வைக்கிற சொஃப்ட்வேரில வையுங்கோ, பென்ட்ரைவில மாத்தி மாத்திக் குடுக்கிற பழக்கம் வேண்டாம். ஒரே சீனை (கோடோவில கேமின்ட ஒரு துண்டு) ரெண்டு பேர் ஒரே நேரத்தில திறந்து மாத்தினா ரெண்டையும் ஒண்டாச் சேர்க்கேக்க தலைவலி, அதால படகு ஒரு சீன், கடல் ஒரு சீன், பட்டன்கள் ஒரு சீன் எண்டு பிரிச்சு ஆளுக்கொண்டாக் குடுங்கோ. கிட் வேலையை இணையத்தில வைக்கிற கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேல உள்ள ஃபைலை வாங்காது, பெரிய சத்தம், படம் எல்லாத்துக்கும் எல்எஃப்எஸ் (பெரிய ஃபைலைத் தனியா வைக்கிற கிட் வசதி) போடோணும்.

தமிழ் எழுத்து விசயத்தை கடைசிக்கு விடாதேங்கோ, கனபேர் மாட்டுப்படுறது இதிலதான். யூனிட்டி எண்ட மற்ற எஞ்சினில எழுத்துக் காட்ட எல்லாரும் பாவிக்கிற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழை ஒழுங்காச் சேர்த்து அடுக்காது, கொம்பு போய் எழுத்துக்குப் பின்னால நிக்கும். கோடோ 4 எழுத்தைச் சேர்த்து அடுக்கிற ஹார்ஃப்பஸைப் பாவிக்கிறதால "கொ", "கௌ" எல்லாம் வடிவா வரும். ஆனா அதோட வாற ஃபொண்டில தமிழ் இல்லை, உங்கட கம்ப்யூட்டரில சிஸ்டம் ஃபொண்டை எடுத்துக் காட்டுறதால எல்லாம் சரி எண்டு நினைப்பியள், பிரவுசரில ஓடுற மாதிரி வெப் எக்ஸ்போர்ட் பண்ணினா வெறும் பெட்டி பெட்டியா நிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எண்ட ஃபொண்டை ப்ராஜெக்டுக்குள்ள போட்டு, தீமில (கேம் முழுக்க எழுத்து, பட்டன் எப்பிடித் தெரியோணும் எண்ட செட்டிங்) குடுத்துவிடுங்கோ. இன்னொண்டு, வசனம் ஒவ்வொரு எழுத்தா வாற மாதிரிச் செய்யேக்க முதல்ல "க" வந்து பிறகு அது தள்ளிப்போய் முன்னால கொம்பு முளைக்கும், பாக்கக் கண் உறுத்தும். லேபிளில (எழுத்துக் காட்டுற பகுதி) விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் எண்ட செட்டிங்கை ஷேப்பிங்குக்கு, அதாவது எழுத்தைச் சேர்த்து அடுக்கினதுக்குப் பிறகு எண்டு மாத்தினா எழுத்துத் துள்ளாது.

சனிக்கிழமை பில்டைக் குடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ, இதுதான் சரியான கஷ்டம். "அதை அமத்து, இஞ்சால போ" எண்டு சொல்லிக் குடுத்தா அந்த டெஸ்டால ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனெண்டா விக்கேக்க நீங்கள் ஒவ்வொருத்தரின்ட பக்கத்திலயும் இருக்கப் போறேல்லை. முகத்தைப் பாக்கிறதை விட பெருவிரலைப் பாருங்கோ. சித்தியின்ட மகனிட்ட ஃபோனைக் குடுக்க அவன் பட்டனைத் தொடவே இல்லை, படகில கட்டியிருந்த கயித்துப் படத்தைத்தான் திருப்பித் திருப்பி அமத்தினான், நாங்கள் பட்டனைத் தூக்கிப்போட்டு அந்தக் கயித்தை இழுத்தாப் படகு அவிழுற மாதிரி மாத்தினம், அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்த இடத்தில நிண்டு முழிக்கேல்லை. கேள்வி கேக்கிறதெண்டா "நல்லா இருக்கோ" எண்டு கேக்காதேங்கோ, எங்கட சனம் மனம் நோகாமல் ஓம் எண்டுதான் சொல்லும். "எந்த இடத்தில ஃபோனைக் கீழ வைப்பம் எண்டு நினைச்சனி" எண்டு கேளுங்கோ.

திங்கக்கிழமை அடுத்த பில்டுக்கு மூண்டு வேலைக்கு மேல எடுக்காதேங்கோ, அதில ஒண்டாவது விளையாடின ஆள் சிக்குப்பட்ட இடமா இருக்கோணும்.

கேமை வெளியில போடுற இடம் எண்டா முதல்ல இட்ச்.ஐஓ தளம், காசு கட்டத் தேவையில்லை. கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் கடைக்கு ஒரு கேமுக்கு 100 டொலர், 1000 டொலர் வித்தாப் பிறகு திரும்பி வரும். ரிலீஸுக்கு முதல் ஆகக் குறைஞ்சது 2 கிழமையாவது ஸ்டோர் பேஜ் வெளியில நிக்கோணும் எண்டு சட்டம் இருக்கு, ஆனா பயணம் ஒண்டு ஒழுங்கா விளையாடக்கூடியதா வந்த உடனேயே பேஜைப் போட்டு விஷ்லிஸ்ட் (பிறகு வாங்குவம் எண்டு ஆக்கள் குறிச்சு வைக்கிறது) சேர்க்கத் தொடங்குங்கோ. வரப்போற கேமுகளின்ட டெமோவை ஸ்டீம் காட்டுற நெக்ஸ்ட் ஃபெஸ்டில ஒரு கேம் ஒருக்காத்தான் சேரலாம், அதால டெமோவைப் பத்துப் பதினைஞ்சு பேராவது விளையாடி முடிக்கும் வரைக்கும் பேரைக் குடுக்காதேங்கோ.