நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்: பாடம் நடத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பலகையின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'நல்லவை', வலப்பக்கம் 'கெட்டவை' என்று எழுதினார். பல வருஷங்களுக்கு முன் நான் கிழித்த அதே கோடு. ஸ்லைடில் எழுத்து அதிகம், குரல் எட்டவில்லை என்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லது, கெட்டது என்று பிரிப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. அன்று நான் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வலப்பக்கம் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து மரபணுப் பொறியியல் பாடம். ஈ.கோலையை வைத்து மனித இன்சுலின் தயாரிக்கிறார்கள், 1982-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது என்றேன். ஒரு மாணவி எழுந்து, "கெட்ட பாக்டீரியா தயாரித்த மருந்தை எப்படி மேடம் உடம்பில் ஏற்றுவார்கள்?" என்று கேட்டாள். அவள்மேல் தப்பே இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை நம்பியிருந்தாள். செமஸ்டர் முழுக்கத் திருத்தியும், விடைத்தாளில் பாதிப்பேர் 'ஈ.கோலை ஒரு நோய்க்கிருமி' என்றே எழுதியிருந்தார்கள்.

ஈ.கோலையில் பெரும்பாலான வகைகள் நம் குடலில் தொந்தரவில்லாமல் வாழ்கின்றன. வைட்டமின் கே-யும் தயாரிக்கின்றன. குடலில் இருப்பதே சிறுநீர்ப்பாதைக்குள் நுழைந்தால் தொற்று. ஓ157 போன்ற சில வகைகள் நச்சு சுரக்கும். எந்த வகை, எங்கே இருக்கிறது என்று கேட்காமல் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளே இல்லை.

இப்போதெல்லாம் நான் பயறுவகைச் செடி ஒன்றை வேரோடு வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். வேர்முடிச்சை பிளேடால் குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவு. காற்றின் நைட்ரஜனை, முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா அம்மோனியாவாக மாற்ற உதவும் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. மாணவர்கள் இதற்கே வாய்பிளப்பார்கள். அப்புறம் யூரியா தாராளமாகப் போட்டு வளர்த்த செடியை எடுப்பேன். வேரில் முடிச்சு ஒன்றிரண்டுதான் இருக்கும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மண்ணிலேயே கிடைக்கும்போது பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்கச் செடிக்கு அவசியமில்லை. "சரி, இந்த மண்ணில் ரைசோபியம் நல்லதா?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நிற்பேன். அன்றைய பாடத்தை மீதி நேரம் அவர்களே நடத்துவார்கள்.

'பத்துக்கு ஒன்று' கணக்கு

உடலில் ஒரு மனிதச் செல்லுக்குப் பத்து பாக்டீரியா என்று இன்னமும் சொல்கிறார்கள். 2016-இல் வெளியான மதிப்பீட்டின்படி பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனிதச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. ஏறக்குறைய சமம். வியக்க அதுவே போதும்.

பெனிசிலினோடு நிறுத்திவிடுவது

நுண்ணுயிர் தரும் நன்மைக்கு உதாரணம் என்றால் பெனிசிலின் மருந்தோடு முடித்துவிடுகிறோம். வைட்டமின் பி12-ஐ எந்தச் செடியும் எந்த விலங்கும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாவும், ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் வகையும்தான் தயாரிக்கின்றன. இதையும் சொல்லுங்கள்.

பெட்ரி தட்டு

நுண்ணுயிர் வளர்க்கும் இந்தத் தட்டை, அவை வளர்ந்தபின் மாணவர்கள் திறக்க விடாதீர்கள். டேப் ஒட்டிக் காட்டுங்கள், பிறகு நேரே நீராவி அழுத்தத்தில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு.