போர்க்காலச் சப்பாத்து: வாங்கமுன், வாங்கினபின்

1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் திருகோணமலை. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது. அதனால் பழைய வீட்டுப் பரணில் ஆணியடித்த தோல் சப்பாத்து அகப்பட்டால் அதிசயமில்லை. எந்தக் காலத்தது என்பதைத்தான் பார்க்கவேணும்.

கவிழ்த்துப் பிடியுங்கள். குதிக்கும் முன்னடிக்கும் நடுவே ஒடுங்கின இடத்தில் டோர்ச்சைத் தோலோடு சரித்து அடியுங்கள். நேரே அடித்தால் முத்திரை தெரியாது. அம்புக்குறி பிரித்தானிய அரசுச் சொத்து. அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' (I) இருந்தால் இந்தியா, இரண்டு 'டி'க்கு (D) நடுவே அம்பென்றால் அவுஸ்திரேலியா, 'சி'க்குள் (C) அம்பென்றால் கனடா. அம்பு மட்டும் போதாது, போருக்கு முன்னும் பின்னும் அதே அம்புதான். பக்கத்தில் ஆண்டைத் தேடுங்கள். பழைய முத்திரைப் பள்ளத்தில் அழுக்கு இறுகியிருக்கும். புதிதாகக் குத்தினது உள்ளே வெளிறி, ஓரம் கூராக நிற்கும்.

ஆணியை எண்ணி முடிவெடுக்காதீர்கள். 13ம் உண்டு, 25ம் உண்டு, தேய்ந்தபிறகு மாற்றியடித்ததும் உண்டு.

இனித் துப்புரவு. கெடுப்பது இங்கேதான். தோல் காய்ந்துவிட்டதென்று தேங்காய் எண்ணெய் பூசவே வேண்டாம். எண்ணெய் சிக்கெடுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதிலுள்ள கொழுப்பமிலம், கயிறு கோர்க்கும் பித்தளைக் கண்களைத் தின்று பச்சை மெழுகாய்க் கக்கும். அந்தப் பச்சையை ஈர்க்கு நுனியால் சுரண்டுங்கள், ஊசி கீறிவிடும். தூசிக்கு மென்மையான பிரஷ் போதும். விரலில் செம்மண்போல் தூள் ஒட்டினால் ஈரத்துணியும் ஆகாது: அந்தத் தோல் தண்ணீர் பட்டால் கறுத்து விறைத்துவிடும். விறைத்த நாக்கை மடக்கிப் பார்க்கவும் கூடாது, வெடிக்கும். லாடத்துத் துருவுக்கு உலர்ந்த பித்தளைக் கம்பிப் பிரஷ், பிறகு மெல்லிய மெழுகு. கறுப்புப் பொலிஷ் வியாபாரியின் வேலை, சேகரிப்பவருக்கு அது வேண்டாம்.

உள்ளே பத்திரிகைத்தாள் திணிக்காதீர்கள், அதில் அமிலம். கஞ்சி போடாத பழைய வேட்டித்துணி நல்லது. மாரியில் ஈரப்பதமானி 45-55% காட்டும்படி, மூடியுள்ள பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடலாம். சொப்பிங் பைக்குள் கட்டினால் ஒரு மழைக்கே பூஞ்சணம். கச்சான் காற்று வீசும் காலத்தில் யன்னலோரம் வைத்தால் தோல் பிளக்கும்.

கழன்ற ஆணியைத் திரும்ப அடிக்காமல், எந்தக் காலினது என்று எழுதித் தனி உறையில் போடுங்கள்.