ஆபரேஷன்ல பிரஷர இறக்கி வைக்கிறது: கையாலயா, மெஷினாலயா?

சைனஸ், நடுக்காது, முதுகெலும்பு கேஸ்ல ரத்தக் கசிவு கம்மியா இருந்தாதான் சர்ஜனுக்கு இடம் தெளிவா தெரியும், அதனால பிரஷர இறக்கச் சொல்வாங்க. அனஸ்தீசியா பிஜி பசங்களுக்காக இத எழுதுறேன்.

மொதல்ல யாருக்கு வேண்டாம்னு பாருங்க. கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு, இதயத்துக்கு ரத்தம் பத்தாதவங்க, கட்டுப்படாத பிபி, கிட்னி கோளாறு, இவங்களுக்கெல்லாம் தொடாதீங்க. மத்தவங்களுக்கும் வார்டு சார்ட்ல இருக்குற மேப் (MAP, சராசரி ரத்த அழுத்தம்) என்னவோ அதுதான் கணக்கு, தியேட்டருக்குள்ள பயத்தோட படுத்திருக்கும்போது வர்ற நம்பர் இல்ல. அதுல 30 சதவீதத்துக்கு மேல இறக்காதீங்க, நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 60-65 போதும்.

ஏ-லைன் (தமனிக்குள்ள சின்ன குழாய் விட்டு பிரஷர தொடர்ந்து பாக்குறது) கட்டாயம். தலைய தூக்கி வச்சிருந்தா பிரஷர அளக்குற சென்சாரான டிரான்ஸ்டியூசர காது மட்டத்துல வைங்க, ஏன்னா 10 செ.மீ. உயரத்துக்கு 7.5 மி.மீ. பிரஷர் குறையும், இதயத்துகிட்ட 60 காட்டுதுன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க, 20 செ.மீ. மேல இருக்குற மூளைக்கு 45 தான் போயிட்டு இருக்கும். இத விட முக்கியமான விஷயம் இந்த வேலைல இல்லன்னே சொல்வேன்.

கையால செய்றீங்கன்னா: ரத்தக்குழாய விரிச்சு பிரஷர இறக்குற நைட்ரோபுரூசைட் 50 மி.கி. எடுத்து 250 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸ்ல கலந்து, வெளிச்சம் படாம ஃபாயில் சுத்தி, சிரிஞ்ச் பம்ப்ல தனி லைன்ல போடுங்க. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 9 மி.லி.ன்னா நிமிஷத்துக்கு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அங்க ஆரம்பிங்க. கொஞ்சம் ஏத்துனதும் ரெண்டு மூணு நிமிஷம் கைய எடுத்துருங்க, மருந்து ஒரு நிமிஷத்துக்குள்ளயே வேலை செய்ய ஆரம்பிச்சாலும் லைன்ல ஓடி வர்ற நேரமும் இருக்குல்ல, அதுக்குள்ள மறுபடி ஏத்துனா பிரஷர் ஒரேயடியா விழும், பயந்து நிறுத்துனா எகிறும், இப்படியே ஏறி இறங்கிட்டே இருக்கும். 2 மைக்ரோகிராம தாண்டியும் இறங்கலையா, டோஸ ஏத்தாதீங்க, இந்த மருந்துல இருந்து உடம்புல சயனைடு சேரும். எஸ்மோலால் மாதிரி வேற மருந்த சேத்துக்கங்க, ஹார்ட் ரேட்டும் அடங்கும்.

மெஷின்னா, ஏ-லைன் பிரஷர பாத்து பம்ப தானா ஏத்தி இறக்குற கம்ப்யூட்டர். அது இந்த வேலைய சலிக்காம செய்யும், சில நொடிக்கு ஒரு தடவை பாத்து பாத்து துளித்துளியா மாத்தும். 1970கள்லயே அமெரிக்கால அலபாமாவுல ஷெப்பர்ட் குழு ஹார்ட் சர்ஜரி முடிஞ்ச பேஷண்ட்டுக்கு கம்ப்யூட்டர் வச்சு இதே மருந்த ஓட்டிருக்காங்க. நிலையா வைக்கிறதுல மனுஷ கைய விட அது நல்லாவே செய்யும்னுதான் நான் நம்புறேன், ஆனா அதுக்குத் தெரிஞ்சது ஏ-லைன் நம்பர் மட்டும்தான். ஃப்ளஷ் பண்ணா (லைன் அடைக்காம இருக்க சலைன் தள்ளுனா) பிரஷர் ஏறிடுச்சுன்னு நெனச்சு மருந்த கூட்டும், டிரான்ஸ்டியூசர் கழண்டு கீழ தொங்குனாலும் அப்படித்தான். அதனால பிளட் எடுக்கும்போதும், ஃப்ளஷ் பண்ணும்போதும், டேபிள ஏத்தி இறக்கும்போதும் மேனுவலுக்கு மாத்திட்டு செய்ங்க, அலை வடிவம் சரியானதும் திரும்ப ஆட்டோ. அதிகபட்ச டோஸ் லிமிட்டும், கீழ் அலாரமும் நீங்களே செட் பண்ணணும். மருந்தே ஓடாம மெஷின் நிறுத்தி வச்சும் பிரஷர் இறங்குதுன்னா ரத்தம் எங்க போகுதுன்னு உடனே சர்ஜன்கிட்ட கேளுங்க.

முடிக்கும்போது ரெண்டு முறையிலயும் ஒண்ணுதான், டக்குனு நிறுத்தாம படிப்படியா கொறைங்க, தையல் போடுறதுக்கு முன்னாடியே பழைய பிரஷருக்கு வந்துரணும், அப்பதான் மறைஞ்சிருந்த கசிவெல்லாம் சர்ஜன் கண்ணுல படும்.