சரிவில் நின்ற செடிகள்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நல்ல சரிவு. முதல் வருடம் மொத்த இடத்தையும் கொத்திக் கிளறி ரோஜா வைத்தேன். ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து ஓடி, வேர்கள் வெளியே தெரிய செடிகள் சாய்ந்து கிடந்தன. பார்க்கவே மனசு கனத்தது.

மண்ணைக் கிளறியதுதான் தப்பு. அடுத்த முறை நட வேண்டிய இடத்தில் மட்டும் குழி எடுத்தேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்துச் சரிவுக்குக் குறுக்கே கோடு போட்டு, 15 செ.மீ. இடைவெளியில் வெட்டிவேர் நாற்று நட்டேன். இதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும், 3 மீட்டர் வரைகூடப் போகும். மேலே தூர்கள் நெருங்கி வேலி போலாகிவிடும். ஒரு மழை விட்டதும் போய்ப் பார்த்தேன்: தூருக்கு மேல்பக்கம் சருகும் வண்டலும் இரண்டு விரல் உயரம் தேங்கியிருந்தது. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம்தான் பூச்செடி. வரிசைகளுக்கு நடுவில் அகபாந்தஸ், டே லில்லி, எலுமிச்சைப்புல். ஒவ்வொன்றுக்கும் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் மண் அணைத்தேன், இல்லையென்றால் ஊற்றும் தண்ணீர் வேருக்குப் போகாமல் வழிந்துவிடும். ஈரம் தங்கும் அடிவாரத்தில் ஹைட்ரேஞ்சியா. எங்கள் மண் அமிலத்தன்மை உள்ளது, அதனால் பூ நீலமாகவே வருகிறது.

முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் விட்டால் போதும். வெட்டிவேர்த் தோகையை அறுத்துச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுகிறேன். ரோஜா இப்போது தொட்டியில் இருக்கிறது.