பாகவதர் பழைய தட்டை கெடுக்காம கம்ப்யூட்டர்ல ஏத்துறது எப்படி

தருமபுரி, பாலக்கோடு பக்கம் பழைய வீடு இடிக்கும்போது பரண்ல இருந்து கிராமபோன் தட்டு இன்னமும் வருது, அதுல எம்.கே.தியாகராஜ பாகவதர் இல்லாத கட்டு அபூர்வம். அதை எடுத்து "ரீமாஸ்டர்" பண்றேன்னு நாய்ஸ் எல்லாத்தையும் வழிச்சு எடுத்து, கடைசில பாகவதர் கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆக்கி வெச்சிடறாங்க. கிர்ர்னு கொஞ்சம் சத்தம் இருந்தா இருந்துட்டு போகட்டும், குரல் போகக்கூடாது, நான் சொல்ற எல்லாமே இதுக்குத்தான்.

முதல்ல கழுவுறது. இந்த தட்டு பிளாஸ்டிக் இல்லைங்க, அரக்கும் கல்லுப்பொடியும் கலந்தது. ஸ்பிரிட், சானிடைசர் எதையும் கிட்ட கொண்டுபோகாதீங்க, அரக்கு கரைஞ்சிடும். டிஸ்டில்டு வாட்டர்ல பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரே சொட்டு, மெத்துன்னு துணி, சுத்திப் போற கோட்டோட போக்குலயே துடைங்க, நடுவுல லேபிள் நனையக்கூடாது. கிருஷ்ணகிரி வெயிலுக்கு கார் சீட்ல வெச்சுட்டு ரவுண்டானால டீ குடிக்க இறங்கினீங்கன்னா வளைஞ்சிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்து முள்ளு, நிறைய பேரு கோட்டை விடுறது இங்கதான். பின்னாடி வந்த எல்பி பிளாஸ்டிக் தட்டுக்கான முள்ளோட முனை ரொம்ப சின்னது, 1 மில்லுக்கும் உள்ள (மில்னா ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு). நம்ம பழைய தட்டு நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துறது, அதான் 78 தட்டுன்னு பேரு, அதோட பள்ளம் அகலம், அதுக்கு 3 மில் முள்ளு வேணும். சின்ன முள்ளை போட்டா பள்ளத்தோட அடில போய் குப்பையை உழும், குரலை விட கரகரப்புதான் பெருசா வரும், கேக்கறவங்க தட்டு தேஞ்சு போச்சுன்னு நினைச்சிடுவாங்க. அதே மாதிரி பழைய சாவி குடுக்குற கிராமபோன்ல இரும்பு முள்ளு போட்டு அடிக்கடி ஓட்டாதீங்க, பார்க்க ஜோரா இருக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் தட்டை கொஞ்சம் சுரண்டும். 78 ஸ்பீடு இல்லாத பிளேயர்னா 45ல ஓட்டி ஏத்திட்டு கம்ப்யூட்டர்ல 1.733 மடங்கு வேகமாக்கிக்கலாம், ஆனா முள்ளு மட்டும் சரியா இருக்கணும்.

ஏத்தறதுக்கு ஆடாசிட்டிங்கற சாஃப்ட்வேர் போதும், இலவசம்தான். 24 பிட்ல வேவ் ஃபைலா வைங்க. அந்த தட்டெல்லாம் மோனோ, ஆனா ஸ்டீரியோவா ஏத்துங்க, ஒரு பக்கம் தேய்மானம் அதிகமா இருந்தா நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கலாம், ரெண்டும் ஒண்ணாட்டம் இருந்தா சேத்து மோனோ பண்ணுங்க, முள்ளு மேலயும் கீழயும் குதிக்கிற சத்தம் பாதி அதுலயே அடிபட்டுப் போகும். இந்த ஒரிஜினல் ஃபைல்ல கைய வைக்காதீங்க, காப்பி எடுத்து அதுல வேலை பண்ணுங்க.

இப்ப ஸ்பீடு. 78னு பேரே தவிர எல்லா தட்டும் சரியா 78ல ரெக்கார்டு ஆனது இல்லை, 6 சதவீதம் மாறினாலே அரை ஸ்வரம் தள்ளிப் போயிடும். பாகவதர் ஏற்கனவே உச்சத்துல பாடுறவர், வேகமா ஓடுச்சுன்னா கீச்சுன்னு ஆகிடும், இன்னைக்கு சுத்துற நிறைய காப்பி அப்படித்தான் இருக்கு. இதுக்கு ஆப் எல்லாம் வேணாம், நம்ம பக்கம் பாரதக் கூத்துல ஆர்மோனியம் போடுறவர் யாரையாவது கூப்பிட்டு உக்கார வைங்க. கட்டை சரியா வந்து உக்காருதா, இல்லை ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்குதான்னு ஒரு வரியிலயே சொல்லிடுவார், தொங்குச்சுன்னா ஸ்பீடு தப்பா இருக்க நிறைய வாய்ப்பு.

அப்புறம்தான் சுத்தம் பண்றது. டிக் டிக் சத்தத்துக்கு கிளிக் ரிமூவல், பெரிய வெடிப்பை மட்டும் கையால தேடி எடுங்க. நாய்ஸ் ரிடக்ஷனுக்கு பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கற வெறும் சத்தத்தை சாம்பிளா குடுத்து 6 டெசிபல் குறைச்சா போதும். சரிதானான்னு பார்க்க ஒரு வழி இருக்கு, எடுத்துத் தள்ளின நாய்ஸை மட்டும் தனியா போட்டுக் கேக்க அதே இடத்துல ஒரு ஆப்ஷன் உண்டு, அதுல பாகவதரோட பிர்கா, அதாவது குரலை வேகமா சுழட்டுறது, லேசா கேட்டாலும் நீங்க அவரையே வெட்டிட்டீங்கன்னு அர்த்தம். எக்கோ சேக்கவே சேக்காதீங்க.

பாகவதர் நடிச்ச ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து மெட்ராஸ் பிராட்வேல 3 தீபாவளி பார்த்த படம், அப்ப நம்ம ஊரெல்லாம் சேலம் ஜில்லா. சாருகேசி ராகத்துல வர்ற அந்த மன்மத லீலையை எடுத்துக்கோங்க, படத்துல கேக்கறதும் தட்டுல கேக்கறதும் ஒண்ணுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்தக் காலத்துல தட்டுக்குன்னு தனியா பாடினது நிறைய, 10 இஞ்ச் தட்டுல ஒரு பக்கம் 3 நிமிஷம் சொச்சம்தான் புடிக்கும், அதுக்குள்ள அடக்கணும். அதனால படத்து ஆடியோவை வெட்டி ஒட்டாதீங்க, லேபிளை போட்டோ எடுத்து நம்பரை ஃபைல் பேர்லயே போடுங்க.

யூடியூப்ல போடற ஆசை இருந்தா, ரெக்கார்டிங்குக்கு நம்ம சட்டத்துல காப்பிரைட் வெளியானதுல இருந்து 60 வருஷம்தான், பாகவதர் 1959லயே போயிட்டார், அந்தக் காலத்துல வெளியான தட்டுக்கு அந்த கணக்கு எப்பவோ முடிஞ்சாச்சு. ஆனா பாட்டு எழுதுன பாபநாசம் சிவன் இறந்தது 1973, எழுத்துக்கு அவர் இறந்ததுல இருந்து 60 வருஷம், அதாவது 2033 வரைக்கும். ஆக வீட்டுல தாத்தா பாட்டிக்கு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, யூடியூப்ல போட்டு கிளைம் வந்தா எங்கிட்ட வராதீங்க.