மைனர் மேஜர் 9 கார்டு: கீபோர்டில் வாசிப்பது எப்படி?

இந்தக் கார்டின் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) பெயரில் மைனரும் மேஜரும் ஒன்றாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘மைனர்’ மூன்றாம் சுரத்தைச் சொல்கிறது, ‘மேஜர்’ ஏழாம் சுரத்தைச் சொல்கிறது, ‘9’ மேலே சேரும் ஒன்பதாம் சுரத்தைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

ஏ-யை மூலமாக (கார்டின் அடித்தளச் சுரமாக) வைத்துக்கொள்வோம். ஏ, சி, ஈ, ஜி ஷார்ப், பி: இந்த ஐந்தும் சேர்ந்தால் ஏ மைனர் மேஜர் 9. மற்ற நான்கும் மூலத்திலிருந்து 3, 7, 11, 14 அரைச்சுரங்கள் (கறுப்பும் வெள்ளையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டைக்கு ஒரு அரைச்சுரம்) மேலே. சாதாரண ஏ மைனர் 9 கார்டில் ஜி வரும். இங்கே அது அரைச்சுரம் ஏறி ஜி ஷார்ப் ஆகிறது.

ஐந்து சுரங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: கீழே ஏ, சி, ஈ என்று ஏ மைனர், மேலே ஈ, ஜி ஷார்ப், பி என்று ஈ மேஜர். நடுவில் ஈ இரண்டுக்கும் பொது. கீரவாணி ராகம், அதாவது மேற்கத்திய இசையின் ஹார்மோனிக் மைனர் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டும் பழகிய கார்டுகள்தான். வழக்கமாக ஒன்றையடுத்து ஒன்றாக வருபவை இங்கே ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. எனக்கு இந்தக் கார்டு பிடித்துப்போனதே இதனால்தான்.

சரி, வாசிப்போம். நடு சி-க்கு (கீபோர்டின் நடுப்பகுதியில் உள்ள சி) கீழே உள்ள ஏ-யை இடது கைச் சுண்டுவிரலாலும், நடு சி-யை நடுவிரலாலும் அழுத்துங்கள். வலது கையில் கட்டைவிரல் ஈ, நடுவிரல் ஜி ஷார்ப், சுண்டுவிரல் பி. முதலில் கீழிருந்து ஒவ்வொன்றாக, அப்புறம் எல்லாம் சேர்த்து.

உறுத்தலாகக் கேட்கிறதா? அப்படித்தான் இருக்க வேண்டும். ஏ-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே 11 அரைச்சுரம், சி-க்கும் பி-க்கும் நடுவேயும் அதே 11. இந்த இரண்டு இழுப்புகள்தான் இதன் மர்மமான நிறம். இடைவெளியைக் குறைத்து ஜி ஷார்ப்பை ஏ-க்குப் பக்கத்திலேயே வைத்தால் நிறம் போய் உரசல்தான் மிஞ்சும். ரொம்பக் கீழே இறக்கி வாசித்தாலும் கலங்கிவிடும்.

கிடாரில் டி மைனர் மேஜர் 9 எளிது: ஐந்தாம் கம்பியில் 5ஆம் ஃபிரெட், நான்காவதில் 3, மூன்றாவதில் 6, இரண்டாவதில் 5. ஓரக் கம்பிகள் இரண்டும் ஒலிக்கக் கூடாது. ஐந்தாம் சுரமான ஏ இதில் இல்லை. அதனால் குறை எதுவும் தெரியாது.

பாட்டில் எங்கே வைப்பது? கீபோர்டில் இடது கையில் ஏ மைனரைப் பிடித்தபடி, வலது கையில் மேல் ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப் என்று நான்கு நான்கு தாள அடிக்கு ஒரு சுரமாக இறங்குங்கள். ஜி ஷார்ப் வரும்போது மட்டும் அதற்கு மேலே பி-யையும் சேர்த்தால் நம் கார்டு வந்துவிடும். சுரம் மாறும்போதெல்லாம் ஒலியை நீட்டிக்கும் பெடலை விட்டு மறுபடி மிதியுங்கள்.